இடப்பக்கம் ஒரு நாற்காலி

பிப்ரவரி 4

அக்கா,

உன் விடுதிக்கு மூன்று முறை போன் செய்துவிட்டேன். "இல்லேன்னு சொல்லச் சொன்னாங்கம்மா" என்று வார்டன் அம்மா அப்படியே ஒப்பித்தார். பொய் சொல்லத் தெரியாதவரிடம் போய்ப் பொய் சொல்லச் சொல்லியிருக்கிறாய். கிழித்துப் போடுவதற்காகவாவது கடிதத்தைக் கையில் எடுப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

உன் கோபம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீ விட்டுவிட்டுப் போன வேலை. யாரும் வராமல் காலியாகக் கிடந்தது. அதற்கு நான் மனுப் போட்டதில் உனக்கு என்ன குறைந்துபோயிற்று? "அந்த ஸ்கூல் வேணாம்" என்றாய். ஏன் என்று கேட்டால் வாயே திறக்கவில்லை. உன்னால் முடியாததை நான் செய்துவிடுவேன் என்று பொறாமையா என்று நானும் கேட்டுவிட்டேன். அது அதிகப்படியான வார்த்தைதான். ஆனால் நீ காரணம் சொல்லும்வரை அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக இல்லை.

இப்போது எழுதுவது தொழில் விஷயம். ஆறாம் வகுப்புக்கு இரும எண் நடத்துகிறேன். பலகையில் போட்டால் கொட்டாவி விடுகிறார்கள் என்று ஐந்து நாற்காலி போட்டு ஐந்து பேரை உட்கார வைத்தேன். முதலில் வகுப்பைப் பார்த்து உட்கார வைத்தேன். ஒருவன் முகத்தைக் கோணினால் வகுப்பே சிரித்து உருள்கிறது. அதனால் நாற்காலிகளைப் பலகையைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, அட்டைகளை அவர்கள் சட்டை முதுகில் ஊக்கால் குத்திவிட்டேன். வலது ஓரத்துப் பையன் 1. அவனுக்கு இடப்பக்கம் 2, அப்புறம் 4, 8, 16. இடப்பக்கம் போகப் போக இரண்டு மடங்கு. எழுந்து நின்றால் அந்த எண்ணைக் கூட்ட வேண்டும், உட்கார்ந்திருந்தால் விட்டுவிட வேண்டும். இதற்குமேல் இதில் ஒன்றுமில்லை.

பெயரெல்லாம் மறந்துபோய் இப்போது அட்டை எண்ணால்தான் கூப்பிடுகிறேன். கடைசிப் பையனை "ஒண்ணு, எழுந்திரு" என்றதும் பின்பெஞ்சிலிருந்து ஒருவன் "எனக்கும் ஒண்ணுக்கு வருது மிஸ்" என்றான். வகுப்பு அடங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்புறம் எட்டு, நாலு, ஒண்ணு மூவரையும் எழுப்பினேன். மொத்தம் எவ்வளவு என்று கேட்டேன். பதின்மூன்று வர வேண்டும். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "நாப்பத்தஞ்சு" என்றது.

"எட்டும் நாலும் ஒண்ணும் எவ்வளவு?"

"பதிமூணு மிஸ்."

"அப்புறம் ஏன் நாப்பத்தஞ்சு?"

"முப்பத்திரண்டையும் கூட்டணுமே மிஸ்."

முப்பத்திரண்டு என்று ஓர் அட்டையே நான் செய்யவில்லை, அக்கா. எங்கே என்று கேட்டேன். பதினாறின் நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த வெறும் இடத்தை முப்பது கைகளும் காட்டின. ஒருவர் முகத்திலும் குறும்பு இல்லை.

நாலு நாளாக எந்த எண்ணைக் கேட்டாலும் முப்பத்திரண்டு கூடுதலாகவே வருகிறது. தனித்தனியாகத் தாளில் எழுதச் சொன்னாலும் அப்படித்தான். இந்த விளையாட்டை நீ ஏதாவது கற்றுக்கொடுத்து வைத்திருக்கிறாயா? அதற்கு மட்டும் பதில் போடு. மற்றதற்கு வேண்டாம்.

உன் தங்கை


பிப்ரவரி 11

சின்னவளே,

நான் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. இந்தப் பிள்ளைகள் எனக்குப் பழக்கமே இல்லை.

பிள்ளைகளை வைத்து நடத்தாதே. காகிதக் கோப்பைகளை வரிசையாக வை. நிமிர்த்தி வைத்தால் கூட்டு, கவிழ்த்து வைத்தால் விட்டுவிடு. இல்லையென்றால் புளியங்கொட்டை, பொத்தான், எது கிடைக்கிறதோ அது. உயிருள்ள ஆள் வேண்டாம். அந்த ஐந்து நாற்காலிகளையும் நூலகத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடு. ஆறாவதாக ஒரு நாற்காலி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதே.

ஏன் என்று கேட்பாய். எழுதினால் சிரிப்பாய். சிரித்துவிட்டு, எனக்கு வேடிக்கை காட்டுவதற்காகவே போடுவாய். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான்.

இங்கே கண் மருத்துவமனையில் வருகிறவர்களுக்கு எண் சீட்டுக் கொடுக்கிறேன். படித்த படிப்புக்கு இதுவா வேலை என்று நீ கேட்கும்முன் நானே சொல்லிவிடுகிறேன், இதுதான் எனக்குச் சரி. என் கவுண்டருக்கு முன்னால் ஒருவரையும் நிற்க விடுவதில்லை. சீட்டை வாங்கியதும் உட்கார வைத்துவிடுகிறேன். மருத்துவருக்கே இது கொஞ்சம் வினோதமாகத்தான் படுகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 15

அக்கா,

நீ சொன்னபடி கோப்பைகளுக்கு மாறினேன். கணக்கெல்லாம் ஒழுங்காக வந்தது. பதின்மூன்று என்றால் பதின்மூன்று. உனக்கு நன்றி சொல்லி எழுத உட்கார்ந்தபோதுதான் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"பசங்கள நிக்க வெச்சு கணக்கு நடத்துறீங்களாமே. வீட்ல போய் எல்லாம் சொல்லிருக்குதுங்க. பெற்றோர் தினத்துல அதையே காட்டிடுங்க" என்றார். கோப்பை வைத்துக் காட்டுகிறேன் என்றேன். "கோப்பை கடைசி வரிசைக்குத் தெரியுமா?" என்று ஒரே போடாகப் போட்டார். என் வேலை இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரமாவது அவர் கையெழுத்தில் இருக்கிறது. அத்தனை பெற்றோர் முன்னால் பதின்மூன்றுக்கு நாற்பத்தைந்து என்று பிள்ளைகள் கத்தினால் என்னை யார் வைத்துக்கொள்வார்கள்?

வகுப்பிலேயே அதிகம் பேசுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். வாயாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவளைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

"அங்க நிக்கிறது யாரு?"

"தெரியல மிஸ். முதுகுதான் தெரியுது."

"நம்ம கிளாஸ் பொண்ணா?"

"நம்ம யூனிபார்ம்தான் போட்டிருக்கா."

"பயமா இல்லையா உனக்கு?"

"எதுக்கு மிஸ் பயம்? அவளும் எங்கள மாதிரி கணக்குதானே பண்றா. ஆனா எல்லாரும் எழுந்து எழுந்து உக்கார்றாங்க, அவ மட்டும் நின்னுகிட்டே இருக்கா. உக்கார அவளுக்கு நாற்காலி இல்லையே."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் தெரியுமா. பேனாவுக்கு மூடி இல்லை என்கிற மாதிரி.

நாற்காலி போடாதே என்றாய். போட்டுவிட்டேன். பதினாறின் இடப்பக்கம் ஆறாவது நாற்காலி, அதன் முதுகில் 32 என்று ஓர் அட்டை. அன்றிலிருந்து ஒரு பிழையும் இல்லை. இருபது என்றால் பதினாறும் நாலும் எழுகிறார்கள், வகுப்பு "இருபது" என்கிறது. அவள் உட்கார்ந்துவிட்டாளாம். நாற்பது என்றால் எட்டு மட்டும் எழுகிறான், வகுப்பு "நாப்பது" என்கிறது. எனக்கு நாற்காலி எப்போதும் வெறும் நாற்காலிதான். அதன் பிரம்புப் பின்னல் மட்டும் ஒவ்வொரு முறையும் லேசாகக் கிரீச்சிடுகிறது. தலைமையாசிரியை பார்த்துவிட்டு, "கற்பனையா ஒரு மாணவி, நல்ல உத்தி" என்றார்.

பெற்றோர் தினம் இருபத்தைந்தாம் தேதி. பூஜ்யத்திலிருந்து வரிசையாக எண்ணிக் காட்டப்போகிறோம். மறுநாளிலிருந்து நீண்ட விடுமுறை. அதற்குள் நீ காரணம் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். சொல்லாவிட்டால் நான் பாட்டுக்கு நடத்துவேன்.

தங்கை


மார்ச் 22

சின்னவளே,

மூன்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு நாலாவதில் எழுதுகிறேன். இது இருபத்தைந்துக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும். வார்டன் அம்மா போனை அவர் அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். பள்ளி அலுவலகத்துக்கு வெளியிலிருந்து இரண்டு முறை பேசினேன். சொல்கிறோம் என்றார்கள். சொன்ன மாதிரி தெரியவில்லை.

சென்ற வருடம் என் வகுப்பிலும் இதேதான் நடந்தது. நானும் ஐந்து பேரை வைத்து நடத்தினேன். நானும் பதினாறுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டேன். பாவம், நிற்கிறாளே என்றுதான் போட்டேன். கணக்குச் சரியாக வந்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. ஒரு நாள் அறுபத்து மூன்று வரை எண்ணிவிட்டோம். ஆறு பேரும் நிற்கிறார்கள். அடுத்து என்ன மிஸ் என்று கேட்டார்கள். இதில் என்ன இருக்கிறது, ஆறு பேரும் உட்கார வேண்டும், இடப்பக்கம் ஏழாவதாக ஒருவர் எழ வேண்டும், அதுதான் அறுபத்து நாலு என்றேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

கதவுக்கு வெளியே, அதே நேர் வரிசையில், வராந்தா துடைக்கிற அம்மா சுவரில் சாய்ந்து ஓய்வாக உட்கார்ந்திருந்தார். வாளி உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் என்னிடம் வந்தார். "டீச்சர், காலையிலேர்ந்து உக்கார முடியல."

"மூட்டு வலியா?"

"வலியெல்லாம் இல்ல. மடங்க மாட்டேங்குது. யாரோ எழுந்திருன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு, எழுந்துட்டேன். உக்காருன்னு யாரும் சொல்லல."

மருத்துவரிடம் அனுப்பினேன். கால் நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாளும் நின்றார். கண்ணுக்குக் கீழே கருத்துப்போய்விட்டது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆறு பேரையும் வரிசையில் வைத்து அறுபத்து நாலிலிருந்து ஒன்று கழித்தேன். பிள்ளைகள் ஆறு பேரும் எழ, வெளியே அந்த அம்மா ஈரத் தரையிலேயே தொப்பென்று உட்கார்ந்து அழுதார். அதோடு விடாமல் பூஜ்யம் வரை ஒவ்வொன்றாக இறக்கினேன். அவளும் உட்கார்ந்துவிட்டாள் என்றார்கள். மறுநாள் வேலையை விட்டேன்.

அவள் மறுபடி எழுந்து நிற்பாள் என்று எனக்குத் தெரியாது. அவள் யார் என்றும் தெரியாது. பிள்ளைகளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவளுக்கு இடம் கொடுத்தால் வரிசை நீள்கிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அறுபத்து மூன்றைத் தாண்டாதே. காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. நின்றுகொண்டே வாங்கினேன். இதையும் அலமாரியின் மேல்தட்டில் தாளை வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். எழுத்து சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்.

நிகழ்ச்சி நன்றாகத்தான் நடந்தது. பூஜ்யத்திலிருந்து அறுபத்து மூன்று வரை பிள்ளைகள் பிசிறில்லாமல் எண்ணினார்கள். யாராவது மறந்தால் எடுத்துக்கொடுக்க, வரிசையின் இடது கோடியில், காலி நாற்காலிக்கு அடுத்து, நானும் பலகையைப் பார்த்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என் வலப்பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அறுபத்து மூன்றில் நிறுத்துவதாகத்தான் ஏற்பாடு. கைதட்டலுக்கு நடுவில் யாரோ ஓர் அப்பா, "அதுக்கு அடுத்து?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும்முன் வாயாடி, "எல்லாரும் உக்காரணும் அங்கிள், அடுத்த ஆள் எழுந்திருக்கணும்" என்றாள்.

வரிசை உட்கார்ந்தது. நான் எழுந்தேன். நான் எழவில்லை அக்கா, எழுப்பப்பட்டேன். அக்குளில் கை கொடுத்து ஒரு குழந்தையைத் தூக்குவார்களே, அப்படி. பெற்றோர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

வரும்போது பஸ்ஸில் பாதி இருக்கை காலி. "எடம் இருக்கே, உக்காரும்மா" என்று நடத்துநர் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். வீட்டுக்கார அம்மா என்னைக் கட்டிலில் சாய்த்துப் பார்த்தார். தலையணையில் தலை பட்டதும் கால்கள் தாமாகத் தரையைத் தேடி இறங்கின, மறுபடி நின்றுவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சுளுக்கு என்று சொல்லி வைத்தேன். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் சொருகிக்கொண்டு கண்ணை மூடுகிறேன். விழுந்துவிடுவேனோ என்ற பயம்கூட இல்லை. விழவே விடாது போலிருக்கிறது.

கழிக்கலாம் என்றால் பிள்ளைகள் இல்லை. விடுமுறைக்கு ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். பதினாறின் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஜூன் வரை யாரும் வரமாட்டார்கள்.

நேற்று உனக்குப் போன் செய்தேன். வார்டன் அம்மா திரும்பிவிட்டார் போலிருக்கிறது, நீயே எடுத்தாய். "சொல்லு" என்றாய். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று வைத்துவிட்டேன். இத்தனை பேசிவிட்டு எந்த வாயால் சொல்வது. அதனால்தான் எழுதுகிறேன்.

பயமாக இருக்கிறது, அக்கா.


மார்ச் 29

நீ சும்மா போன் செய்கிறவள் இல்லை என்று அன்றைக்கே தெரியும். விரைவுத் தபால் இப்போதுதான் வந்தது. ராத்திரி ரயிலில் ஏறுகிறேன். அதற்குமுன் இது உன் கைக்கு வராது, இருந்தாலும் ரயில் நிலையத்தில் தபால் பெட்டி இருக்கிறது, என் கையும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

உன் இடப்பக்கம் யாரையும் வர விடாதே. வீட்டுக்கார அம்மாவைக்கூட.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

இரண்டு நாள் தூங்கினேன். கண் விழித்தபோது தலைமாட்டில் ஃபிளாஸ்க்கில் தேநீர் இருந்தது, நீ இல்லை. சொல்லாமல் கிளம்புவது உனக்கு வழக்கமாகிவிட்டது. நீ ரயில் நிலையத்தில் போட்ட கடிதம் நீ போன பிறகு வந்து சேர்ந்தது.

நீ வந்த காலையை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக வந்து என் இடப்பக்கம் நின்றாய். இருவரும் சுவரைப் பார்த்தபடி. திட்டுவாய் என்று காத்திருந்தேன். "இரட்டிப்பாக்கு" என்றாய்.

எனக்குப் புரிந்துவிட்டது. அறுபத்து நாலை இரட்டித்தால் நான் உட்கார்ந்துவிடுவேன், எனக்கு இடப்பக்கம் இருப்பவர் நிற்க வேண்டும். மாட்டேன் என்றேன். "சின்ன வயசுலேர்ந்து உன் தட்டுல மிச்சம் வெச்சதையெல்லாம் யாரு சாப்பிட்டா? சும்மா சொல்லு" என்றாய். "அதுவும் இதுவும் ஒண்ணா?" என்றேன். "எனக்கு ஒண்ணுதான்" என்றாய். அவ்வளவு களைப்பு எனக்கு. நூற்று இருபத்தெட்டு என்று சொல்லிவிட்டேன். அந்த நிமிடமே முழங்கால் மடங்கியது. உன் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் தூங்கிப்போனேன் என்று நினைக்கிறேன். உன் கால் இரும்பு மாதிரி இருந்தது.

அன்று கேட்டேனே, பொறாமையா என்று. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எழுத்தில் இருக்கட்டும்.

தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டுவிட்டார். வேலை நிரந்தரம். சந்தோஷம் வரவில்லை. ஜூன் முதல் நாளே பிள்ளைகளை வரிசையில் வைக்கிறேன். நீ கதவுக்கு வெளியே வந்து நில். நூற்று இருபத்தெட்டிலிருந்து ஒன்று கழித்தால் நீ உட்கார்ந்துவிடலாம். நானும் அந்த ஆறு பேரும் மறுபடி எழ வேண்டியிருக்கும். பரவாயில்லை. பூஜ்யம் வரை நானே இறக்குகிறேன். அதற்கப்புறம் கோப்பைகள்தான், யார் என்ன சொன்னாலும்.

நீ எப்படி இருக்கிறாய், எப்படித் தூங்குகிறாய் என்று எழுது. மழுப்பாதே.

தங்கை


ஏப்ரல் 19

சின்னவளே,

மழுப்பவில்லை. கவுண்டரில் நிற்பதற்கு இது வசதியாகத்தான் இருக்கிறது. நாள் முழுக்க நிற்கிறேன், முகம் சுளிப்பதில்லை என்று மருத்துவர் எல்லோரிடமும் புகழ்கிறார். ராத்திரி கதவுக் கொண்டியில் புடவையைக் கட்டிச் சாய்ந்துகொள்கிறேன். தூக்கம் அரைகுறைதான். கனவில்கூட நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

என் அறையில் தங்கியிருந்த நர்ஸ் பெண் விஷயத்தைக் கொஞ்சம் ஊகித்துவிட்டாள். முழுவதும் சொல்லவில்லை. ஆனாலும் போன வாரம் என்னிடம் வந்து, "எனக்குக் கொஞ்ச நாள் குடுங்கக்கா, நீங்க தூங்கி எழுந்து வாங்கிக்குங்க" என்று பக்கத்தில் வந்து நின்றாள். இடப்பக்கமாக. உடம்பெல்லாம் உட்காரத் துடித்தது, சின்னவளே. ஒரு எண்ணைச் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளைப் பிடித்து அறைக்கு வெளியே தள்ளிவிட்டேன். பாவம், கோபித்துக்கொண்டு வேறு அறைக்கு மாறிவிட்டாள். வாங்கினவள் திருப்பித் தருவாளா என்பதில்லை. இரட்டிப்பாகி இரட்டிப்பாகி இது எங்கே போய் நிற்கும்? என்னோடு நிற்கட்டும்.

அதனால் என் இடது தோள் சுவரில் படும்படி மூலையில் நிற்கிறேன். நல்ல கனமான சுவர். யாரும் அந்தப் பக்கம் வர முடியாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், நீ ஜூன் வரை ஆற அமர இருந்துவிடக் கூடாது என்பதற்காக. முந்தாநாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்கிறது. இன்றைக்குச் சரியாக என் தோளுக்கு நேராக வந்து நின்றது. உட்காருகிறபோது பின்னல் லேசாகக் கிரீச்சிட்டது. எழுந்திருக்கச் சொல்வார்கள் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது.

என் அறைதான் மூன்றாம் மாடியில் கடைசி அறை. சுவருக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை, கீழே சைக்கிள் நிறுத்துமிடம்தான்.

நாளை ரயிலில் வருகிறேன். இருக்கை வேண்டாம் என்று டிக்கெட் கேட்டேன், கொடுத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குள் நீ அந்த ஆறு பேரையும் எங்கே போயிருந்தாலும் தேடிப் பிடித்து வை. ஐந்து பேர்தான் கிடைப்பார்கள் என்று எனக்கும் தெரியும். ஆறாவது ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. நாற்காலியை மட்டும் போட்டு வை.

அக்கா